தனியே பேரம் பேச வேண்டியதில்லை: ஓட்டிசம் உடையோரின் வேலையும் தொழிற்சங்கத்தின் கடமையும்

(யேர்மனியின் வடக்கு ரைன் வெஸ்ற்பாலியா மாநிலத்தில், தமிழ்த் தொழிலாளரும் பெற்றோரும் கலந்துகொண்ட மே நாள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



மே நாள் என்றதும் ஊதியத்தைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் பேசுவது நம் வழமை. இன்று நான், நம் வீடுகளுக்குள்ளே தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்படும் ஒரு விடயத்தை இம்மேடையிற் பேச விழைகின்றேன். ஓட்டிசம் உடைய நம் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குச் செல்லும்போது அவர்களுக்குத் துணை யார் என்பதே அவ்விடயம். பாடசாலைக் காலத்தில் ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், இளையோர் நலப் பணியகம் எனச் சிலராவது அவர்களைச் சூழ்ந்து நிற்கின்றனர். வேலைத்தலத்தின் வாசலைத் தாண்டியதும் அவர்கள் தனித்துப் போகின்றனர். அந்த இடத்திற் கைகொடுக்க வேண்டியது தொழிற்சங்கம் என்பதை, என் சொந்த அனுபவத்திலிருந்தும் இந்நாட்டின் சட்டத்திலிருந்தும் உங்கள் முன் வைக்கின்றேன்.

நான் தவறவிட்ட ஓர் இளைஞர்

1983 இன் பின் இந்நாட்டிற்கு வந்த பலரைப் போல நானும் உணவகம் ஒன்றிற் கோப்பை கழுவித்தான் என் வாழ்வைத் தொடங்கினேன். பின்னர் பெரிய பண்டகசாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கு தொழிலக அவைக்கும், பிற்காலத்தில் மாற்றுத்திறனாளர் பிரதிநிதிப் பொறுப்பிற்கும் சக தொழிலாளர்கள் என்னைத் தெரிவு செய்தனர். அப்பொறுப்பில் நான் இருந்தபோதே பின்வரும் நிகழ்வு நடந்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன், பெயர் சொல்லாமற் கூறுகின்றேன்.

நம்மவர் ஒருவரின் மகன், இருபத்திரண்டு வயது. பொதிகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு எங்கள் பண்டகசாலையிற் சேர்ந்தார். முதல் மூன்று மாதங்கள் ஒரே மேசை, ஒரே வேலை. அவர் அடுக்கிய பொதியிற் பிழை காண்பது அரிது. நான்காம் மாதம் புதிய மேற்பார்வையாளர் வந்தார். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு இடத்திற்கு அவரை மாற்றினார். “கொஞ்சம் விரைவாகச் செய், பிறகு அங்கே என்ன தேவையோ அதைப் பார்” என்பது போன்ற கட்டளைகளைப் போகிற போக்கிற் சொல்லிச் செல்வார். எது தேவை என்று எவரும் சொல்லாததால் அந்த இளைஞர் நின்ற இடத்திலேயே நிற்பார். ஒருநாள் மேற்பார்வையாளர் சினந்து, “உன் வேலையை நான் செய்து தரட்டுமா?” என்று கேட்டார். இளைஞர் “ஓம், செய்து தாருங்கள்” என்று அமைதியாக விடையிறுத்தார். கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு உண்மையான பதிலைச் சொன்னார். அது திமிர் என்று எழுதப்பட்டது. இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. ஐந்தாம் மாதம் வேலைநீக்கக் கடிதமும் வந்தது.

அவருடைய தாயார் என்னைக் கோவில் வீதியிற் கண்டு அந்தக் கடிதத்தை நீட்டியபோது, அது வந்து ஐந்து வாரங்கள் கடந்திருந்தன. இந்நாட்டில் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் நீதிமன்றத்தை நாடுவதற்கு, கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரங்களே உண்டு. பிள்ளைக்கு ஆறு வயதில் எழுதப்பட்ட மருத்துவ அறிக்கை வீட்டு அலுமாரியில் இருந்தது. மாற்றுத்திறனாளர் அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை. ஏன் அக்கா என்று கேட்டேன். “அண்ணை, நாலு சனத்துக்குத் தெரிஞ்சால் என்ன செய்யிறது? தங்கச்சியின்ர கலியாணமும் குழம்பிப்போகும்” என்றார்.

அத்தாயைக் குறை சொல்வதற்காக இதை நான் கூறவில்லை. அதே கட்டடத்தில், அவருடைய மகன் உணவு உண்ட அதே மண்டபத்தில், அந்தப் பிரதிநிதிப் பொறுப்பை வகித்தவன் நான். ஐந்து மாதங்கள் அவரைக் கடந்து சென்றிருக்கின்றேன். வேறொருவரும் இல்லாத மேசையைத் தேடி அவர் அமர்வதைக் கண்டும் இருக்கின்றேன். ஒரு சொல் கேட்டதில்லை. அவர் வரட்டும் என்றிருந்தேன். வந்து கேட்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கடினமானது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓட்டிசம் என்பது எது

மருத்துவம் பயிலாத நான் சுருக்கமாகவே சொல்வேன். ஓட்டிசம் ஒரு நோயன்று, பிறவியிலேயே அமைந்த வேறுபட்ட மூளை வளர்ச்சி. ஒலி, ஒளி, மணம் ஆகியவற்றைச் சிலர் மிகக் கூர்மையாக உணர்வர். மறைபொருளாகச் சொல்வதையும் முகக்குறிப்பையும் உடனே விளங்கிக்கொள்வது பலருக்குச் சிரமம். முன்னறிவித்தல் இன்றி வரும் மாற்றம் பெரும் அழுத்தத்தைத் தரும். பேசாதவர்களும் உளர், பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் உளர். உலகில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் என்பது உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலமாகக் கூறிவந்த கணக்கு. ஆயிரம் பேர் பணிபுரியும் தொழிற்சாலையிற் சிலராவது இருக்கவே செய்வர். அவர்களுட் பலர் தம்மைப் பற்றித் தாமே அறியாதிருக்கக்கூடும்.

ஓட்டிசம் உடையோர் எல்லாம் கணினி மேதைகள் என்ற எண்ணமும் இப்போது பரவியுள்ளது. பேர்லினில் 2011 இல் தொடங்கப்பட்ட ஔட்டிகோன் நிறுவனம் ஓட்டிசம் உடையோரைக் கணினி ஆலோசகர்களாக வேலைக்கு அமர்த்துகின்றது. எஸ்.ஏ.பி நிறுவனமும் 2013 இல் அத்தகைய திட்டம் ஒன்றை அறிவித்தது. அதன் முன்னோடி முயற்சி பெங்களூரில் நடந்ததாகும். இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் துப்புரவு செய்பவர், வெதுப்பகத்தில் உழைப்பவர், முதியோர் இல்லத்திற் பணிபுரிபவர் ஆகியோருள்ளும் ஓட்டிசம் உடையோர் உண்டு. தனித்திறமை இருந்தாற்றான் வேலை என்பது ஓர் உரிமையாகாது.

இந்நாட்டின் வரலாற்றிலிருந்து

1933 மே 2 ஆம் நாள், அதாவது மே நாளுக்கு மறுநாள், நாசிகள் யேர்மனி முழுவதும் தொழிற்சங்க இல்லங்களைக் கைப்பற்றிச் சங்கத் தலைவர்களைச் சிறையிட்டனர். அதே ஆண்டு யூலை 14 இல், பரம்பரை நோயாளர் என முத்திரை குத்தப்பட்டோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றினர். 1940, 1941 ஆம் ஆண்டுகளில் ஆறு கொலை நிலையங்களில் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளர்களும் உளநோயாளர்களும் நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். உழைக்கக்கூடியவனா, பயனற்றவனா என்பதே அவர்கள் மனிதரை நிறுத்த அளவுகோல். ஓட்டிச ஆய்வில் தம் பெயரைப் பதித்த வியன்னா மருத்துவர் ஹான்ஸ் அஸ்பெர்கர், சிறுவர்களைக் கொன்ற ஸ்பீகல்குறுண்ட் நிலையத்திற்குப் பிள்ளைகளை அனுப்பியதை, வரலாற்றாசிரியர் ஹேர்விக் செக் 2018 இல் ஆவணங்களுடன் வெளியிட்டார்.

உழைப்பாளரின் கூட்டுக் குரலை ஒடுக்கிய அதே ஆட்சியே, உழைக்க இயலாதவர் எனத் தான் கருதியோரின் உயிரையும் பறித்தது. ஆகவே 1949 இல் மீண்டும் எழுந்த யேர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பிற்கும் அதன் இன்றைய எட்டுச் சங்கங்களுக்கும், மாற்றுத்திறனாளரின் உரிமை பிறர் விடயமாக இருக்க முடியாது.

இன்னொரு வரலாறும் உண்டு. முதலாம் உலகப்போரில் ஊனமுற்றுத் திரும்பியோரையும் தொழில் விபத்திற் காயமுற்றோரையும் வேலைக்கு அமர்த்த வேண்டும் என 1920 இல் இந்நாட்டிற் சட்டம் வந்தது. அவர்களுக்கெனத் தொழிலகத்தில் ஒரு நம்பிக்கையாளர் இருக்கும் முறையும் அன்றே தோன்றியது. 1974 இல் அச்சட்டம், காரணம் எதுவாயினும் எல்லா மாற்றுத்திறனாளருக்கும் விரிவாக்கப்பட்டது. போரிற் காலிழந்தவரின் வலியை நம் சமூகம் நன்கு அறியும். வெளியிலே தெரியாத இடர்ப்பாட்டை உணர்வதற்குத்தான் நாமும் சங்கங்களும் இன்னும் பழக வேண்டியுள்ளது.

சட்டம் நம் கையில் வைத்துள்ள கருவிகள்

சமூகச் சட்டக்கோவையின் ஒன்பதாம் நூலே இதற்கு அடிப்படை. 2001 இல் நடைமுறைக்கு வந்த அது, 2018 சனவரி முதல் புதிய வடிவில் உள்ளது. அதிலிருந்து தொழிலாளி அறியவேண்டியவற்றை மட்டும் சொல்கின்றேன்.

முதலாவது, இடர்ப்பாட்டு அளவு. ஓட்டிசத்திற்கு அது, சமூகத்தோடு இணங்கி வாழ்வதில் ஏற்படும் சிரமத்தைக் கொண்டு அளக்கப்படுகின்றது. சிரமம் இல்லையெனில் 10 முதல் 20, இலேசான சிரமம் எனில் 30 முதல் 40, நடுத்தரம் எனில் 50 முதல் 70, கடுமை எனில் 80 முதல் 100. ஐம்பதை எட்டியவருக்கு அட்டை கிடைக்கும். முப்பதோ நாற்பதோ பெற்றவர், வேலையைப் பெறவோ தக்கவைக்கவோ அது தேவை எனக் காட்டி, தொழில் முகவரகத்திடம் சமநிலைத் தகுதி கோரலாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. வேலையில் ஆறு மாதம் நிறைவுற்ற பின், இத்தகுதி உடைய ஒருவரை நீக்குவதாயின் இன்ரெக்ரட்சியோன்ஸ்அம்ற் எனப்படும் அலுவலகத்தின் சம்மதத்தை முதலாளி முற்கூட்டியே பெற வேண்டும். சில மாநிலங்களில் அதன் பெயர் இன்குளூசியோன்ஸ்அம்ற். வேலைக்கேற்றபடி ஒருவரை வளைப்பதற்கு மாறாக, அவருக்கேற்றபடி வேலையிடத்தை அமைத்துத் தரக் கோரும் உரிமையும் சட்டத்தில் உண்டு. அட்டை பெற்றவருக்கு, வாரம் ஐந்து நாள் வேலை செய்வோராயின், ஆண்டுக்கு ஐந்து நாள் மேலதிக விடுமுறையும் உண்டு.

மூன்றாவது, பிரதிநிதி. இத்தகுதி உடையோர் ஐவரேனும் நிலையாகப் பணிபுரியும் தொழிலகத்தில் அவர்களுக்கென ஒரு பிரதிநிதி தெரிவு செய்யப்படுவார். யேர்மன் மொழியில் ஷ்வேர்பெஹின்டர்ட்டன்-ஃபெர்ட்ரேட்டுங் என்று கேளுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை, 2022, 2026 என அத்தேர்தல் வருகின்றது. வாக்களிப்பவர் அவர்களே. ஆயினும் போட்டியிடுபவர் மாற்றுத்திறனாளராக இருக்க வேண்டியதில்லை. இங்கிருக்கும் நீங்களும் நிற்கலாம். இப்பிரதிநிதியைக் கேளாது செய்யப்படும் வேலைநீக்கம் செல்லாது என்ற விதி 2016 இன் இறுதியில் வந்தது. முதல் ஆறு மாதத்திற்கும் இவ்விதி பொருந்தும். என் கதையில் வந்த இளைஞரிடம் அட்டை இருந்திருந்தால், அவரை நீக்குமுன் என்னைக் கேட்டிருக்க வேண்டும். அவர் ஏன் “ஓம்” என்றார் என்பதை நான் விளக்கியிருப்பேன்.

நான்காவது, பணம். இருபதோ அதற்கு மேலோ வேலையிடங்களை வைத்திருப்போர் அவற்றில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளருக்கு வழங்கவேண்டும், தவறினால் ஈட்டுக்கட்டணம் செலுத்தவேண்டும். ஒருவரையும் அமர்த்தாத பெரிய நிறுவனங்களுக்கு 2024 முதல் அக்கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது. இரைச்சல் தடுப்பிற்கும், வேலையிடத்திலேயே வந்து பழக்கும் பயிற்றுநருக்கும், வேலைத் துணையாளருக்கும் அந்த நிதியிலிருந்து உதவி கிடைக்கின்றது. “அதற்குச் செலவாகுமே” என்று முதலாளி சொல்லும்போது, பிரதிநிதி இதை நினைவூட்ட வேண்டும்.

ஓர் உடன்பாடு பிறந்த கதை

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அந்த இளைஞரை இழந்து இரண்டு ஆண்டுகளின் பின், எங்கள் பண்டகசாலையில் நாற்பது வயதைக் கடந்த யேர்மன் பெண்மணி ஒருவர் என்னை நாடினார். அண்மையிற்றான் தனக்கு ஓட்டிசம் எனத் தெரியவந்ததாகவும், வேலை முடிந்து வீடு சென்றதும் பேசக்கூட இயலாது களைத்து விழுவதாகவும் எழுதிக்கொண்டு வந்தார். பேசுவதிலும் எழுதுவதே அவருக்கு இலகு. இம்முறை நான் காத்திருக்கவில்லை.

அவருக்கு மட்டும் சலுகை கேட்டுப் போனால் “இவளுக்கு மட்டும் ஏன்?” என்ற முணுமுணுப்பு எழும் என்பதை அறிந்திருந்தேன். ஆகவே தொழிலக அவையுடன் சேர்ந்து, முழுத் தொழிலகத்திற்குமான உள்வாங்கல் உடன்பாடு ஒன்றிற்கு நிர்வாகத்தை அழைத்தோம். அப்பேச்சுவார்த்தையைக் கோரும் உரிமை பிரதிநிதிக்குச் சட்டப்படி உண்டு. எங்கள் சங்கத்தின் செயலாளர் வரைவைத் திருத்தித் தந்தார். அப்பெண்மணியே மேசையில் அமர்ந்து, எது தேவை, எது தேவையில்லை எனத் தாமே கூறினார்.

ஏழு மாதப் பேச்சின் பின் கிடைத்தவை எளியவை. வேலைக் கட்டளை எழுத்தில் வரவேண்டும். நாளைய வேலையிடம் எது என்பதை இன்றே அறிவிக்க வேண்டும். முறைமாற்றம் ஒரு வாரத்திற்கு முன் தெரிய வேண்டும். விரும்புவோர் செவிக் காப்பு அணியலாம். ஓய்வு நேரத்திற்கு ஓர் அமைதி அறை வேண்டும். கேள்வி கேட்பதற்கென்று பெயர் குறித்த ஒருவர் வேண்டும். நிர்வாகத்துடன் உரையாடல் என்றால், என்ன கேட்கப்படும் என்பதை முன்னரே தரவேண்டும்.

இவற்றால் அதிகம் பயனடைந்தவர் யார் தெரியுமா? யேர்மன் மொழி அரைகுறையாக அறிந்த நம்மவரும், சிரிய நாட்டவரும், துருக்கியரும். கட்டளை எழுத்தில் வந்ததால் வீட்டிற் பிள்ளையிடம் காட்டி விளங்கிக்கொள்ள முடிந்தது. முறைமாற்றம் முன்பே தெரிந்ததால் குழந்தைகளைப் பார்க்கும் தாய்மாருக்கு நிம்மதி. ஒருவருக்காகத் திறந்த வாசலால் பலர் உள்ளே வந்தனர். முணுமுணுப்பு எழவில்லை என்று சொல்லமாட்டேன், எழுந்தது. ஓராண்டில் அடங்கியது.

சங்கமும் தன்னைத் திருத்த வேண்டும்

நான் சங்கத்தை நேசிப்பவன், அதனாற்றான் அதன் குறையையும் சொல்கின்றேன். எங்கள் கூட்டங்களைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பலர் உரத்துப் பேசுவோம், நிகழ்ச்சி நிரலை மாற்றுவோம், முடிவுகளைக் கூட்டத்தின் பின் மதுக்கடையில் எடுப்போம். ஓட்டிசம் உடைய ஒருவர் அங்கு எப்படி வருவார்? நிரலை முன்னரே அனுப்புதல், எழுத்திற் கருத்துக் கூற வழி, அமைதியான இடம் ஆகியவற்றைச் சங்கம் தன் வீட்டிலேயே தொடங்கவேண்டும். பிரதிநிதிகளின் பயிற்சி வகுப்புகளில், ஓட்டிசம் உடைய தொழிலாளரே வந்து கற்பிக்க வேண்டும். பிரித்தானியாவின் தொழிற்சங்கப் பேரவை 2014 இல் இதற்கென வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதை எழுதிய யானின் பூத், தொடருந்துத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்.

பாதுகாக்கப்பட்ட பட்டறைகளையும் சங்கம் மறக்கலாகாது. யேர்மனியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மாற்றுத்திறனாளர் அங்கு உழைக்கின்றனர். 2015 இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களைச் சேரவில்லை, ஏனெனில் அவர்கள் முழுமையான தொழிலாளராகக் கணிக்கப்படுவதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் குழு 2015 இலும் 2023 இலும் இம்முறையைக் கண்டித்தது. பட்டறையிலிருந்து பொதுவான வேலைக்கு வருவோருக்கு, ஊதியத்தில் 75 விழுக்காடு வரை முதலாளிக்கு ஈடுசெய்யும் ‘வேலைக்கான நிதி’ 2018 முதல் உண்டு. நம் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பு என்று கூறப்படும்போது, இதைப் பற்றிக் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அன்பான உறவுகளே, ஐந்து வேண்டுகோள்களுடன் நிறைவு செய்கின்றேன்.

மருத்துவ அறிக்கையை அலுமாரியில் வைக்காதீர்கள். சிக்கல் வந்தபின் விண்ணப்பித்தால் பெரும்பாலும் காலம் பிந்திவிடும். அட்டை பெற்றதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பதை உங்கள் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

வேலை தொடங்கிய முதல் வாரமே சங்கத்திற் சேரச் சொல்லுங்கள். உணவகத்தில் உழைப்போருக்கு என்.கே.கே, துப்புரவுப் பணியாளருக்கு இ.கே.பௌ, உலோகத் தொழிலாளருக்கு இ.கே.மெற்றால், சேவைத் துறையினருக்கு வேர்டி. உறுப்பினருக்குத் தொழில் நீதிமன்றத்திலும் சமூக நீதிமன்றத்திலும் சங்கம் சட்ட உதவி தருகின்றது. வழக்கு வந்தபின் சேர்ந்தால் அவ்வுதவி வழமையாகக் கிட்டாது.

வேலைநீக்கக் கடிதம் வந்தால் அன்றே ஒருவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் என்பதை மறவாதீர்கள்.

நான்கைந்து பேர் மட்டும் வேலைசெய்யும் நம்மவர் கடைகளில் அவையோ பிரதிநிதியோ இருப்பதில்லை. அங்கு பணிபுரிவோர், 2018 முதல் நாடெங்கும் இலவசமாக இயங்கும் சுயாதீனப் பங்கேற்பு ஆலோசனை நிலையங்களை நாடலாம். கடை உரிமையாளரான நம்மவர்களுக்கு ஒரு சொல்: நீங்களும் ஒரு காலத்திற் கட்டளை விளங்காது நின்றவர்களே.

இறுதியாக, உங்கள் வேலைத்தலத்தில் தனியே அமர்ந்து உண்பவர் யார் என்று பாருங்கள். அவரை உங்கள் மேசைக்கு இழுத்து வராதீர்கள், அது அவருக்குத் துன்பமாக இருக்கலாம். நான் இங்கு பிரதிநிதி, ஏதும் வேண்டுமானால் எழுதுங்கள் என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் செய்யத் தவறியது அதுவே.

தனி ஒருவன் முதலாளி முன் நின்று பேரம் பேச முடியாது என்பதனாற்றான் தொழிற்சங்கம் தோன்றியது. பேரம் பேசுதலே எவருக்கு மிகக் கடினமோ, அவருக்கே சங்கம் முதலில் உரியது. அந்த இளைஞர் இன்று வேறோர் இடத்தில், நூலகம் ஒன்றிற் புத்தகங்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் இருக்கின்றார். அட்டை உண்டு, வேர்டியில் உறுப்பினரும்கூட. இவ்வுரையை அவருக்கு முன்கூட்டியே அனுப்பினேன். இரண்டு பிழைகளைத் திருத்தி, “உண்மை. வாசிக்கலாம்” என்று பதில் எழுதினார்.